அப்பாவும் ஒரு கேள்விக்குறியும்

ஒரு கேள்விக்குறி காணாமற்போனதைச் சரித்திர நிகழ்ச்சியாக யாரும் குறித்து வைப்பதில்லை. 1949 ஆகஸ்டில் அமெரிக்காவின் என்.பி.சி. ரேடியோவில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் ஆரம்பமாயிற்று. பெயர் ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்?’. ‘எல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியுமா?’ என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அதில் வரும் அப்பா ஜிம் ஆண்டர்சன், இன்ஷூரன்ஸ்காரர். குத்தலாகப் பேசுவார், அதட்டுவார், பிள்ளைகளை முட்டாள்கள் என்பார். தலைப்பின் கடைசியில் இருந்த அந்தக் குறி அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. 1954 அக்டோபரில் அதே பெயர், அதே நடிகர் ராபர்ட் யங், டெலிவிஷனுக்குப் போனபோது குறி இல்லை. ‘எல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும்’ என்று ஆகிவிட்டது. அசடும் அதட்டலும் போய், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்து பிள்ளைகளின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு நல்ல மனிதர் அங்கே இருந்தார். ஒரு நிறுத்தக்குறியின் நீக்கம்தான். ஆனால் ஒரு தேசம் தன் குடும்பத்தைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள விரும்பியது என்பது அதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

சிட்காம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தத் தொடர்களைப் பொருட்படுத்தி எழுதுவதே நம்மில் சிலருக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அரைமணி நேரம், நடுவே விளம்பரம், சிறு சிக்கல் ஒன்று, மணி அடிப்பதற்குள் அது தீர்ந்தாக வேண்டும், அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காதது போல் எல்லோரும் பழைய இடத்தில். கலை என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1950-ல் அமெரிக்காவில் 100 வீடுகளில் ஏறக்குறைய 9-ல்தான் டெலிவிஷன் பெட்டி இருந்தது. 1960-ல் 100-க்கு ஏறக்குறைய 87. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு வீடுகளுக்குள் புகுந்து, அப்பா என்றால் இப்படி, அம்மா என்றால் இப்படி என்று வாராவாரம் காட்டிய வேறொரு சாதனம் அதற்கு முன் இருந்ததில்லை. இலக்கியம் செய்யாததை, செய்ய விரும்பாததை, இது செய்தது. முன்மாதிரியை உற்பத்தி செய்தது. அந்த முன்மாதிரி எதைக் கூட்டிக் கட்டப்பட்டது என்பதைவிட எதையெல்லாம் கழித்துக் கட்டப்பட்டது என்பதே பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் கழிக்கப்பட்டது ஒரு மனிதன். 1949 ஜனவரியில் சி.பி.எஸ்.ஸில் தொடங்கிய ‘த கோல்ட்பெர்க்ஸ்’ நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில் வாழும் யூதக் குடும்பத்தைப் பற்றியது. ரேடியோவிலிருந்து வந்த தொடர். எழுதியவரும், தாய் மாலியாக நடித்தவரும் ஒருவரே: கெர்ட்ரூட் பெர்க். மாலி ஜன்னலில் சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவாள். அதே ஜன்னலிலிருந்து நம்மைப் பார்த்து, தொடரின் செலவை ஏற்ற ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனியின் காபியையும் சிபாரிசு செய்வாள். கதைக்கும் கடைக்கும் ஒரே ஜன்னல். கணவன் ஜேக்காக நடித்தவர் ஃபிலிப் லோப். நடிகர் சங்கத்தில் தீவிரமாக உழைத்தவர். 1950 ஜூனில் ‘ரெட் சானல்ஸ்’ என்ற பிரசுரம், கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று ரேடியோ, டெலிவிஷன் உலகின் 151 பேர்களை வெளியிட்டது. லோபின் பெயரும் அதில் இருந்தது. அவரை விலக்கச் சொல்லி கம்பெனி நெருக்கியது. பெர்க் சில காலம் எதிர்த்து நின்றார். 1951-ல் தொடர் நின்றது. 1952-ல் வேறொரு சானலில் திரும்ப வந்தபோது ஜேக் இருந்தார், லோப் இல்லை. 1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க் ஓட்டல் அறை ஒன்றில் தூக்க மாத்திரைகளை விழுங்கி லோப் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வருஷம்தான் கதையில் கோல்ட்பெர்க் குடும்பமும் ப்ராங்க்ஸை விட்டு ஹேவர்வில் என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்தது. எதிர் வீட்டு ஜன்னலோடு பேச முடிந்த நெருக்கம் போயிற்று, புல்வெளி வந்தது.

இதற்குப் பிறகு டெலிவிஷன் குடும்பத்தின் விலாசம் பெரும்பாலும் புறநகர்தான். தொழிலாளி வீட்டு அப்பா அடியோடு மறைந்துவிடவில்லை. அவர் வந்தால் சிரிப்பதற்காக வந்தார். ‘த லைஃப் ஆஃப் ரைலி’யின் ரைலி விமானத் தொழிற்சாலை ஊழியன், எதிலும் தடுமாறுகிறவன். ‘த ஹனிமூனர்ஸ்’ தொடரின் ரால்ஃப் க்ராம்டன் ப்ரூக்ளினில் பஸ் ஓட்டுபவன். வாரச் சம்பளம் 62 டாலர். வீட்டில் ஒரு மேஜையும் பழைய ஐஸ் பெட்டியும். சீக்கிரம் பணக்காரனாகிவிட வாராவாரம் திட்டம் போடுவான், தோற்பான், மனைவி ஆலிஸை ஓங்கி அறைவதாகக் கையை ஓங்குவான், கடைசியில் மன்னிப்புக் கேட்பான். 1955 அக்டோபரில் தொடங்கி 39 அத்தியாயங்கள்தான் அந்தத் தொடர். அவர்களுக்குக் குழந்தை இல்லை என்பது கவனிக்க வேண்டியது. முன்மாதிரியாக இருக்க வேண்டிய நிர்ப்பந்தம் ரால்ஃபுக்கு இல்லை. அதனாலேயே பணமின்மையின் அவமானம், ஓங்கிய கையின் ஆபத்து, இரண்டையும் அந்த ஒற்றை அறைக்குள் வைத்துப் பார்க்க முடிந்தது. டை கட்டிய அப்பா ஞானி, பஸ் ஓட்டுகிற கணவன் கோமாளி என்ற பாகுபாட்டை யாரும் சட்டமாக எழுதவில்லை. சட்டமாக எழுதாததாலேயே அது நீடித்தது.

அம்மாவின் கதை இன்னும் சிக்கலானது. 1951 அக்டோபரில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யில் லூசி வாராவாரம் சமையலறையை விட்டு மேடைக்குப் போக ஆசைப்படுகிறாள், வாராவாரம் அகப்பட்டுக்கொண்டு திரும்புகிறாள். லூசியாக நடித்த லூசில் பால் நிஜமாகவே கர்ப்பமானபோது அதைக் கதையில் சேர்த்தார்கள். ஆனால் கர்ப்பம் என்ற சொல்லை உச்சரிக்க சி.பி.எஸ். அனுமதிக்கவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு ப்ராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரப்பி, மூன்று பேரும் வசனங்களைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று கதையில் குழந்தை பிறந்தது; நிஜத்திலும் அதே நாள். 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம். ஆனால் லூசி முன்மாதிரி இல்லை. அவள் தோல்வியில் ஒரு கேள்வி உயிரோடு இருந்தது: இவள் ஏன் போகக் கூடாது? ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த நிஜமான ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேள்வியும் கேட்டது. திரைக்கு வெளியே லூசில் பால் கணவரோடு சேர்ந்து டெசிலு ஸ்டூடியோவை நடத்தினார், 1960-ல் விவாகரத்து, 1962-ல் கணவரின் பங்கையும் வாங்கி அந்த ஸ்டூடியோவின் தலைவரானார்.

இதோடு ‘ஃபாதர் நோஸ் பெஸ்’டின் 1956-ஆம் வருஷத்து அத்தியாயம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூத்த மகள் பெட்டி எஞ்சினியராக ஆசைப்படுகிறாள்; பள்ளி ஏற்பாட்டில் நில அளவைக் குழு ஒன்றில் சேருகிறாள். அங்கே மேற்பார்வை பார்க்கும் இளைஞன், பெண்ணின் இடம் வீடு என்று அவளுக்குப் பாடம் நடத்துகிறான். அவள் வேலையை விட்டுவிட்டு வருகிறாள். பிற்பாடு அவன் மிட்டாய்ப் பெட்டியோடு அவளைப் பார்க்க வீட்டுக்கு வருகிறான். அவள் அழகான உடை உடுத்திக்கொண்டு வரவேற்கிறாள். லூசியும் தோற்றாள், பெட்டியும் தோற்றாள். லூசியின் தோல்வி அடுத்த வாரம் மறுபடியும் முயற்சியாகும். பெட்டியின் தோல்விக்கு வெற்றி என்று பெயர் வைத்து முடித்துவிடுகிறார்கள். நகைச்சுவைக்கும் போதனைக்கும் உள்ள தூரம் இதுதான்.

‘ஃபாதர் நோஸ் பெஸ்’டை ஒரு வருஷத்திற்குள்ளாகவே, 1955-ல், சி.பி.எஸ். நிறுத்திவிட்டது. ஞாயிறு இரவு 10 மணிக்கு, ஒரு சிகரெட் கம்பெனியின் செலவில் வந்துகொண்டிருந்தது. குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள் என்று கடிதங்கள் குவிந்தன. காகிதச் சாமான்கள் செய்யும் ஸ்காட் கம்பெனி செலவை ஏற்றுக்கொள்ள, என்.பி.சி. அதை எட்டரை மணிக்குக் கொண்டுவந்தது. 1960 வரை 203 அத்தியாயங்கள். இதே காலத்தில் ஓடிய ‘ஆஸி அண்ட் ஹாரியட்’டில் நடித்தது ஒரு நிஜக் குடும்பம், அப்பாவும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சொந்தப் பெயரிலேயே வந்தார்கள். ஆஸி நெல்சன்தான் நடிகர், டைரக்டர், எழுத்தாளர். இரவு பகல் பாராமல் உழைத்த அந்த மனிதர் திரையில் 14 வருஷம் என்ன வேலை செய்கிறார் என்றே யாருக்கும் தெரியாது. வேலையும் கழிக்கப்பட்டது.

1957 அக்டோபர் 4, சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிய அதே நாளில், ‘லீவ் இட் டு பீவர்’ தொடங்கிற்று. ஜூன் க்ளீவர் என்ற அந்த அம்மா வீட்டு வேலை செய்யும்போதும் முத்துமாலை போட்டிருப்பாள் என்பது பிற்காலத்தில் கேலிக்கு உரிய விஷயமாயிற்று. காரணம் எளியது. நடித்த பார்பரா பில்லிங்ஸ்லியின் கழுத்தில் ஒரு குழிவு, வெளிச்சத்தில் நிழல் விழும், மறைக்க முத்துமாலை. மகன்களாக நடித்த பையன்கள் வளர வளர அவர்களைவிட உயரமாகத் தெரிய உயர்ந்த குதிகாலுள்ள செருப்பு. காமிராவின் சௌகரியத்திற்காகச் செய்த இரண்டு தந்திரங்கள் லட்சோபலட்சம் பெண்களுக்கு இல்லத்தரசியின் இலக்கணமாயின. பில்லிங்ஸ்லியோ 1956-ல் கணவரை இழந்தவர். முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு மகன்களை உடைய, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற தாய். 1960-ல் அமெரிக்கப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வேலைக்குப் போனவர்கள். அதே தொடரின் ஆரம்ப அத்தியாயம் ஒன்றில் பையன்கள் முதலைக்குட்டி ஒன்றைக் கழிவறையின் தண்ணீர்த் தொட்டியில் ஒளித்து வைக்கிறார்கள். தொட்டியைக் காட்டலாம், கழிப்பிடத்தைக் காட்டக் கூடாது என்று முடிவாயிற்று. சிரிப்பையும் சொல்ல வேண்டும். மூடிய ஸ்டூடியோவில் ஒற்றைக் காமிராவில் படமாக்கப்பட்ட இத்தொடரில் கேட்கும் சிரிப்பு, சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கியது போன்ற இயந்திர ஏற்பாட்டிலிருந்து வருவது. சிரிக்க ஆள் தேவைப்படாத நகைச்சுவை.

அந்தப் புறநகருக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? ‘பீவர்’ தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1957 ஆகஸ்டில், பென்சில்வேனியாவின் லெவிட்டவுன் என்ற புறநகரில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் தம்பதி குழந்தைகளோடு குடியேறினார்கள். அங்கே வீடு வாங்கிய முதல் கறுப்பினக் குடும்பம். வீட்டின் முன்னால் கூட்டம் கூடிற்று, ஜன்னல்கள் உடைந்தன, போலீஸ் காவல் வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் தகப்பன், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய், புல்வெளியுள்ள வீடு: திரையில் எது முன்மாதிரியோ அதைத்தான் அவர்கள் வாழ முயன்றார்கள். முன்மாதிரியைப் பின்பற்றுவதற்கும் அனுமதி தேவைப்பட்டது.

1959-ல் அமெரிக்க அரசின் நிதித்துறை, சேமிப்புப் பத்திரங்களை விற்பதற்காக ‘ஃபாதர் நோஸ் பெஸ்’டின் விசேஷ அத்தியாயம் ஒன்றை எடுக்கச் செய்தது. ‘கொடுங்கோல் நாட்டில் 24 மணி நேரம்’ என்று அதன் பெயருக்கு அர்த்தம். டெலிவிஷனில் அது வரவில்லை. பள்ளிகளிலும் மன்றங்களிலும் காட்டினார்கள். சுதந்திரத்தின் அருமை தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் புகட்ட, ஜிம் ஆண்டர்சன் ஒரு நாள் முழுவதும் சர்வாதிகாரியாக நடிக்கிறார். பிள்ளைகள் அவதிப்பட்டுத் திருந்துகிறார்கள். அரசு இதில் கண்டது ஜனநாயகத்தின் பெருமையை. நாம் பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. எல்லாம் அறிந்த அப்பா சர்வாதிகாரியாக மாற அவருக்கு ஒப்பனைகூடத் தேவைப்படவில்லை. கேள்விக்குறி இல்லாத இடத்தில் இரண்டும் அருகருகே இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி அடிக்கிற தகப்பன்களின் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அடிக்காமல், கத்தாமல், உட்கார்ந்து கேட்கிற ஜிம் ஆண்டர்சன் ஒரு பொய்யாக மட்டும் இருந்திருக்க முடியாது. இப்படியும் ஒரு அப்பா சாத்தியம் என்கிற தகவலாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தகவலே தண்டனையாகவும் ஆயிற்று. தங்கள் வீடு அப்படி இல்லையே என்ற குறையைத் தங்கள் குறையாகவே கோடிப் பேர் எடுத்துக்கொண்டார்கள். அதில் நடித்தவர்களே தப்பவில்லை. மகனாக நடித்த பில்லி க்ரே, அந்தத் தொடர் ஜனங்களுக்குத் தீங்கு செய்தது, அதை நம்பாதீர்கள் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இளைய மகளாக நடித்த லாரன் சேப்பின் சொந்த வீட்டில் அனுபவித்த கொடுமையையும் பிற்பாடு போதைப் பழக்கத்தில் சிக்கியதையும் 1989-ல் சுயசரிதையாக எழுதினார். எல்லாம் அறிந்த அப்பாவாக நடித்த ராபர்ட் யங் மதுவோடும் மனச்சோர்வோடும் பல வருஷங்கள் போராடியவர். அதை மறைக்காமல் பேசி, மற்ற நோயாளிகளுக்குத் துணிவு தந்தவர். ஜிம் ஆண்டர்சனைவிட அந்த ராபர்ட் யங்தான் பெரியவர் என்று எனக்குப் படுகிறது.

1971 ஜனவரியில் நார்மன் லியரின் ‘ஆல் இன் த ஃபேமிலி’ வந்தபோது கேள்விக்குறி வேறு உருவத்தில் திரும்பிற்று. ஒரு பிரிட்டிஷ் தொடரைத் தழுவியது அது. ஆனாலும் தன் சொந்தத் தகப்பனாரின் பேச்சை லியர் அதில் போட்டிருந்தார். ஆர்ச்சி பங்கர் நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் வாழும் தொழிலாளி. கறுப்பர், யூதர், பெண்கள் எவரைப் பற்றியும் வாய்க்கு வந்ததைச் சொல்பவர். வீட்டிலேயே மகளும் மருமகனும் எதிர்த்து நிற்கிறார்கள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இப்போது கதை. ஆனால் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தவர்களோடு, ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தவர்களும் இருந்தார்கள். நகைச்சுவை தன் வாசகனைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இதற்குள், முன்மாதிரி என்பதையே கிண்டல் செய்து ஒதுக்கும் சௌகரியம் எல்லோருக்கும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. 1951-ல் டெலிவிஷனுக்கு வந்த ‘ஆமஸ் அண்ட் ஆண்டி’ கறுப்பர்களை ஏமாற்றுக்காரர்களாகவும் அசடுகளாகவும் காட்டிற்று என்று கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் போராடியது. 1966-ல்தான் அதன் மறுஒளிபரப்பும் நின்றது. 1974-ல் ‘குட் டைம்ஸ்’ தொடரில் தாயாக நடிக்க அழைக்கப்பட்ட எஸ்தர் ரோல் ஒரு நிபந்தனை வைத்தார். சிகாகோவின் ஏழைக் குடியிருப்பில் வாழும் இந்தக் குடும்பத்தில் அப்பா இருக்க வேண்டும். அப்பா வந்தார், ஜான் அமோஸ் நடித்தார். வசனங்களின் தரத்தைப் பற்றி அமோஸ் தயாரிப்பாளர்களோடு சண்டை போட்டார். 1976-ல் கதையில் அப்பாவைக் கார் விபத்தில் சாகடித்துவிட்டார்கள். ரோலும் ஒரு வருஷம் விலகி நின்றார். வெள்ளைக்காரக் குடும்பத்திற்கு அலுத்துப்போன ஒரு நல்ல அப்பா, வேறொருவருக்குப் போராடிப் பெற வேண்டிய உரிமையாக இருந்தார். அந்த வேட்கையின் மேல்தான் 1984-ல் ‘த காஸ்பி ஷோ’ எழுந்தது. அப்பா டாக்டர், அம்மா வக்கீல், ஐந்து பிள்ளைகள். மனநல மருத்துவர் ஆல்வின் பூசான் வசனங்களைப் பார்த்து ஆலோசனை சொன்னார். ஐந்து வருஷம் தொடர்ந்து நாட்டில் அதிகம் பேர் பார்த்த தொடர். பிறகு நடந்தது தெரிந்ததே. பல பெண்கள் பில் காஸ்பிமேல் பாலியல் குற்றச்சாட்டுகளைச் சொன்னார்கள், 2014-ல் டி.வி. லேண்ட் மறுஒளிபரப்பை நிறுத்தியது. 2018-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2021-ல் பென்சில்வேனியா உச்சநீதிமன்றம், வழக்கு நடத்தப்பட்ட முறையின் காரணமாக, அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டத்தின் முடிவு எதுவானாலும் பார்வையாளனின் கையில் மிஞ்சியது உடைந்த ஒரு படிமம். அதை ஆசையாகப் பற்றிக்கொண்டவர்களுக்குத்தான் அதிகம் வலித்தது.

1992-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும். ஜனவரியில் ஜனாதிபதி புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்ஸன்களைவிட வால்டன்களைப் போல் இருக்க வேண்டும் என்று பேசினார். வால்டன்கள் 1930-களின் பஞ்சகாலத்தை 1970-களில் கற்பனை செய்த ஒரு தொடரின் குடும்பம். ஏப்ரல் 30 அன்று காஸ்பியின் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பாயிற்று. அப்போது, முந்தின நாள் மூண்ட கலவரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்துகொண்டிருந்தது. மே 19 அன்று துணை ஜனாதிபதி க்வேல், மர்ஃபி ப்ரௌன் என்ற சிட்காம் கதாநாயகி கணவனில்லாமல் குழந்தை பெற்றதைக் கண்டித்தார். ஒரு தேசத்தின் தலைவர்கள் இல்லாத மனிதர்களை வைத்து இருக்கிற மனிதர்களுக்குத் தீர்ப்புச் சொன்ன வருஷம் அது. கழித்துக் கழித்துக் கட்டிய குடும்பம் ஒரு தலைமுறைக்குள் மரபு என்ற பெயரைச் சம்பாதித்துக்கொண்டு, பாட்டன் காலத்து ஞாபகமாகப் பிரசங்க மேடைக்கு வந்து நின்றது.

லட்சிய பாத்திரம் வேண்டும் என்று எழுத்தாளனிடம் கேட்கிற வாசகன் எங்கும் இருக்கிறான். அவன் கேட்பதில் ஒரு நியாயமான பசி இருக்கிறது; எஸ்தர் ரோலின் நிபந்தனையில் இருந்தது அதுதான். அந்தப் பசிக்குக் கேள்வியை நீக்கிய ஒரு பதிலைத் தருவதுதான் வியாபாரம்.

ஜிம் ஆண்டர்சன் குடும்பம் வாழ்ந்த ஊரின் பெயர் ஸ்ப்ரிங்ஃபீல்ட். ஆரிகன் மாகாணத்தில் வளர்ந்த மேட் க்ரோனிங் என்ற சிறுவன், தன் ஊருக்குப் பக்கத்திலிருந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட்தான் அது என்று நம்பினான். அவன் வளர்ந்து உருவாக்கிய கார்ட்டூன் குடும்பத்தை 1989-லிருந்து அதே பெயருள்ள ஊரில் குடிவைத்தான். அந்தக் குடும்பத்தின் அப்பாவுக்குத் தன் சொந்த அப்பாவின் பெயரையே வைத்தான்: ஹோமர். சோம்பேறி, தீனிக்காரன், பிள்ளையின் கழுத்தை நெரிக்கப் போகிறவன், அடிக்கடி மன்னிப்புக் கேட்க வேண்டியிருப்பவன். புஷ் கண்டித்த சிம்ப்ஸன் குடும்பம் இதுதான். அந்த ஊரில் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.